அஜெண்டாவில் ஒன்பதாவது

அகில இந்திய மலர் வளர்ப்போர் மகாசங்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் அரியலூர் கிளைக்குத் தனியாக இன்னொரு வரலாறு உண்டு. இரண்டையும் சங்கமே எழுதி, சங்கமே வாசித்து, சங்கமே கைதட்டிக்கொண்டது. ரயில்வே கேட் அய்யம்பெருமாளின் பெயர் அதில் ஒரே ஓர் இடத்தில் வருகிறது. அதுவும் தப்பாக வருகிறது. இத்தனை வருஷம் கழித்து அதைத் திருத்த உனக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். நானும் அந்தக் கிளையில் உறுப்பினனாக இருந்தவன். என் வீட்டில் அப்போது ஒரு செடிகூடக் கிடையாது. சங்கத்தில் சேர அது தடையாக இருக்கவில்லை.

நான் சேர்ந்தது எழுபத்தாறில். பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு மாடியில் பஞ்சநாதன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தார். மாடிப்படிக்குக் கீழே எனக்குக் கடிகாரம் ரிப்பேர் கடை. பஞ்சநாதன்தான் கிளையின் செயலாளர். இருபத்தைந்து பேர் இல்லாத கிளைகள் கலைக்கப்படும் என்று டெல்லியிலிருந்து கடிதம் வந்த அன்று, படியில் ஏறியவன் இறங்கியவன் எல்லோரையும் பிடித்துப் பெயர் எழுதிக்கொண்டார். படிக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தவன் தப்பிக்க வழியில்லை.

தலைவர் வேணுகோபால் ஓய்வுபெற்ற தாசில்தார். சொந்த ஊர் திருமானூர். உத்தியோகத்தில் இருந்த முப்பது வருஷத்தில் அவர் மண்ணில் நட்டது எல்லைக்கல் மட்டும்தான். ஆனால் பேச்சில் ரோஜா இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. எங்களுக்கு வழிகாட்டியாகத் தலைமையகம் ஒரு கையேடு அனுப்பியிருந்தது. அதை எழுதியவர் இமயமலைப் பக்கத்துக்காரர். டிசம்பர் மாதம் பனி கொட்டும்போது செடிகளுக்கு வைக்கோல் சுற்றிக் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அரியலூரில் பனி கொட்டுமா என்று யாரும் கேட்கவில்லை. கையேட்டில் இருந்ததால் சுற்றினோம். ஆடுகள் வந்து வைக்கோலைத் தின்றன, பிறகு உள்ளே இருந்ததையும் தின்றன. அந்த ஆண்டு அறிக்கையில் 'பனியினால் சேதம்' என்று டெல்லிக்கு எழுதினோம்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம். டைப்ரைட்டர்களுக்கு உறை போட்டு ஓரமாக நகர்த்திவிட்டு உட்காருவோம். அஜெண்டாவில் ஒன்பது பொருள்கள். முதலாவது, இரங்கல். எந்தக் கிளையில் எந்த உறுப்பினர் இறந்தாலும் எழுந்து இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். இரண்டாவது, வரலாறு வாசித்தல். விதை, உரம், பூச்சி, தண்ணீர், கடிதங்கள், விட்டுப்போனவை என்று மூன்றிலிருந்து எட்டு வரை. ஒன்பதாவது, 'உறுப்பினர் தோட்டப் பார்வை'. அதாவது ஓர் உறுப்பினரின் தோட்டத்துக்கு எல்லோருமாகச் சென்று பார்த்து, இருந்து பேசிவிட்டு வருவது.

இதில் சிக்கல் எங்கே என்றால் இரண்டாவது பொருளில். வரலாற்றை ஒவ்வொரு கூட்டத்திலும் ஆரம்பத்திலிருந்து வாசிக்க வேண்டும் என்பது விதி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டில் ஒரு வெள்ளைக்கார கர்னலின் மனைவி வளர்த்த மஞ்சள் ரோஜா பட்டுப்போய், அந்தத் துக்கத்துக்கு வந்தவர்கள் கூடிப் பேசியதில் சங்கம் பிறந்தது. அங்கே தொடங்கி, போன மாதக் கூட்டத்தில் யார் தும்மினார் என்பது வரை பஞ்சநாதன் வாசிப்பார். அன்றைய கூட்டத்தின் நடவடிக்கையும் கடைசியில் சேர்க்கப்படும். ஆகவே அடுத்த மாதம் வரலாறு இன்னும் கொஞ்சம் நீளும். ஐந்தே முக்காலுக்குத் தலைவருக்குத் திருமானூர் பஸ். ஐந்தரைக்குக் குடையை எடுத்துவிடுவார். நான் சேர்ந்தபோது வரலாறு ஐந்தே காலுக்கு முடிந்துகொண்டிருந்தது. மூன்று, நான்கு என்ற பொருள்களை ஒரு வருஷம் தொட்டுப் பார்த்தோம். எழுபத்தெட்டுக்குப் பிறகு மூன்றாவது பொருளைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை.

அந்த எழுபத்தெட்டில்தான் அய்யம்பெருமாள் வந்து சேர்ந்தார்.

டவுனுக்கு வெளியே, நடந்தால் அரை மணி நேரத் தூரத்தில் ஒரு லெவல் கிராசிங். அதில் அவர் கேட் கீப்பர். தண்டவாளத்தை ஒட்டி ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸ். மனைவி கொளஞ்சியம்மாள் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் கண்ணகியை எறையூரில் கட்டிக்கொடுத்திருந்தார். அவள் பொங்கலுக்கு வருவாள், மாட்டுப்பொங்கல் முடிந்ததும் கரும்பு வெட்டு இருக்கிறது என்று போய்விடுவாள். கேட் கீப்பர் வேலை ஒரு தினுசானது. நாள் முழுக்க ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், ஒருவர்கூட அவரிடம் வந்தவராக இருக்க மாட்டார். கேட் சாத்தியிருக்கும் நாலைந்து நிமிடம் சுண்ணாம்புக்கல் லாரி டிரைவர்களும் மாட்டுவண்டிக்காரர்களும் இரண்டு வார்த்தை பேசுவார்கள். அந்த ஆசையில் அவர் கேட்டைக் கொஞ்சம் முன்கூட்டியே சாத்த ஆரம்பித்து, அதற்கு ரயில்வேயில் ஒரு மெமோ வாங்கினார். பிறகு செடி வைக்க ஆரம்பித்தார்.

எங்கள் சங்கத்தின் நோட்டீஸை ஒரு டவுன் பஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருந்தார் பஞ்சநாதன். அந்த பஸ் கேட்டில் நிற்கும்போதெல்லாம் அய்யம்பெருமாள் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்திருக்கிறார். 'உறுப்பினர்கள் ஒருவர் தோட்டத்துக்கு ஒருவர் சென்று பார்த்து மகிழ்வர்' என்ற வரிக்கு வந்தபோது ரயில் போய்விட்டது. மறுநாள் அதே பஸ்ஸுக்குக் காத்திருந்து விலாசத்தைப் படித்துக்கொண்டார்.

மாற்று ஆளிடம் சொல்லி வேலையை மாற்றிக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரி வந்தார். என்னென்ன வளர்க்கிறீர் என்று தலைவர் கேட்டார். செம்பருத்தி, கனகாம்பரம், டிசம்பர் பூ என்று எண்ணிச் சொல்லிவிட்டு, வேலியோரம் அவரையும் இருக்கிறது என்றார். தலைவர் முகம் சுருங்கியது.

"இது மலர்ச் சங்கம். அவரை காய்கறி அல்லவா?"

"அதும் பூக்குதுங்க சார். நல்லா ஊதாவா பூக்கும்."

"பூப்பதோடு நிற்பதில்லையே. அதுதான் ஆட்சேபணை."

காய்க்கிற செடிகளைப் பெரம்பலூரில் உள்ள காய்கறித் துணைக்குழு கவனிக்கும், அந்தக் குழு இன்னும் அமைக்கப்படவில்லை, அமைக்கப்படும் வரை அவரையைச் சங்கம் காணவில்லை என்று பொருள் என விளக்கினார். அய்யம்பெருமாள் தலையாட்டிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நாற்பத்தோராம் உறுப்பினர். எனக்குப் பக்கத்து இடம். வரலாறு வாசிப்பது தொடங்கியதும், "இது முடிஞ்சதும் கெளம்பிடுவோமாங்க?" என்று என்னிடம் கேட்டார். யாருடைய தோட்டத்துக்கு என்று அவருக்கு ஒரு கவலை. புதிதாய்ச் சேர்ந்தவர் வீட்டுக்குத்தான் முதலில் போவார்களாக்கும் என்று நினைத்து, ஆறு டம்ளர் புதிதாக வாங்கிக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்திருக்கிறார்.

ஐந்தரைக்குத் தலைவர் குடையை எடுத்தார். அய்யம்பெருமாளும் எழுந்தார், எங்கள் பின்னால் படியிறங்கினார், நாங்கள் ஆளுக்கொரு பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவரும் போனார்.

அடுத்த மாதமும் வந்தார். அதற்கடுத்த மாதமும். யாராவது உட்கார வேண்டுமே என்று எங்கிருந்தோ ஒரு பெஞ்சு கொண்டுவந்து வேப்பமரத்தடியில் போட்டிருப்பதாக என்னிடம் சொன்னார். நான் ஒரு நாள் தனியாகவே போயிருக்கலாம். சைக்கிள் இருந்தது. சங்கம் போகும்போது போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். எல்லோரும் அப்படித்தான் இருந்தோம், அதற்குத்தானே சங்கம்.

ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு தடவை எழுந்து பேசினார். ஒன்பதாவதைக் கொஞ்சம் முன்னால் எடுக்கலாமா என்று கேட்டார். அதற்குத் தலைவர் ஆற்றிய பதில் உரை வரலாற்றில் முழுமையாக இருக்கிறது.

"தோட்டப் பார்வை நம் சங்கத்தின் உயிர்மூச்சு. உயிர்மூச்சை அவசர அவசரமாக விடக்கூடாது. முப்பதாண்டு வருவாய்த் துறையில் எத்தனையோ ஸ்தல விசாரணை அறிக்கை எழுதியவன் நான். ஒரு இடத்தைப் பற்றி முழுதாக எழுதி முடித்துவிட்டால், அங்கே போக வேண்டிய அவசியமே பெரும்பாலும் ஏற்படுவதில்லை என்பது என் அனுபவம்."

கைதட்டினோம். ஒன்பதாவது பொருளை விரைவுபடுத்த மூவர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஆறு மாதத்தில் அந்தக் குழு பதினான்கு பக்க அறிக்கை கொடுத்தது. அறிக்கை வரலாற்றோடு சேர்க்கப்பட்டதால் வாசிப்பு இன்னும் இருபது நிமிடம் நீண்டது. சுருக்கச் சொன்ன மனுஷனாலேயே நீண்டுவிட்டது என்று பஞ்சநாதனுக்கு அவர்மேல் மனத்தாங்கல்.

பிறகு அய்யம்பெருமாள் பேசவில்லை. கார்டு போட ஆரம்பித்தார். கனகாம்பரம் பூத்திருக்கிறது, வாருங்கள். செம்பருத்தி அடுக்காகப் பூத்திருக்கிறது, வாருங்கள். கடிதங்கள் ஏழாவது பொருள் என்பதால் பஞ்சநாதன் அவற்றை வரிசையாகக் கோத்து வைத்தார். பூத்ததெல்லாம் உதிர்ந்து, மறுபடி பூத்து, அந்தக் கார்டுகள் மட்டும் கம்பியில் பத்திரமாக இருந்தன.

எண்பதாம் வருஷம் டிசம்பர் முதல் வாரத்தில் டிசம்பர் பூ ஒரு பாத்தி முழுக்கப் பூத்துவிட்டது. காலையில் சிக்னல் கைவிளக்கின் கண்ணாடியைத் துடைத்துத் திரியைக் கத்தரித்துக்கொண்டிருந்தவர், அந்தக் கையோடு வந்து கார்டு எழுதியிருக்கிறார். எழுதி முடித்து மூலை மூலையாகப் பிடித்து மை காய வைத்திருக்கிறார். கரி நான்கு மூலையிலும் ஒட்டிக்கொண்டது. அதைக் கவனிக்காமல், தபாலில் போடச் சொல்லி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தி எழுதுகிற கார்டின் மூலையில் கருப்பு மை தடவுவது வழக்கம். அப்படி வருகிற கார்டை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலிலேயே பார்த்து, அங்கேயே கிழித்துப் போட்டு, கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். கார்டு வந்த நேரம் பஞ்சநாதன் வீட்டுக் கூடத்தில் அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கருப்பு மூலையைப் பார்த்ததும் பஞ்சநாதனுக்கு வியர்த்துவிட்டது. அனுப்பியவர் விலாசத்தை மட்டும் ஒரு கண்ணால் பார்த்துவிட்டுக் கிழித்துச் சாக்கடையில் போட்டார். செத்தவர் தானே எப்படிக் கார்டு எழுதுவார் என்று அவருக்குத் தோன்றவில்லை. பின்னால் எங்களில் யாருக்குமே தோன்றவில்லை. எழுதியவர் யார், எதற்கு எழுதினார் என்று யோசிக்கிற பழக்கம் சங்கத்துக்கு எந்தக் கடிதத்திலும் இருந்ததில்லை.

அந்த ஞாயிறு மாற்று ஆள் கிடைக்காததால் அய்யம்பெருமாள் கூட்டத்துக்கு வரவில்லை. முதல் பொருளில் அவர் பெயரைத் தலைவர் வாசித்தார். எழுந்து நின்றோம். பக்கத்தில் காலி இடம். அந்த இரண்டு நிமிடமும் அவருடைய தோட்டத்தை மனசில் கொண்டுவரப் பார்த்தேன். பார்த்திருந்தால்தானே வரும். எனக்கு வெட்கமாக இருந்தது.

விதி இருபத்திரண்டின்படி இறந்த உறுப்பினரின் இல்லத்துக்குக் கிளை முழுவதும் பதினைந்து நாளுக்குள் சென்று ஒரு நினைவு ரோஜாக் கன்று நட வேண்டும். இரங்கல் முதல் பொருளோடு சேர்ந்தது என்பதால் இந்த விதி மட்டும் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. உண்மையில் எங்கள் கிளை அதுவரை நட்ட செடிகள் நான்குதான். நான்கும் செத்தவர் வீட்டில்தான் இருந்தன. முதலில் போய் யாரையாவது விசாரிக்கலாமே என்று நான் கேட்டேன். துக்க வீட்டில் விசாரிப்பது மரபல்ல என்று தலைவர் சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு ஒரு வேன் பிடித்து, பேனர் கட்டி, பதினேழு பேர் போனோம். கேட் சாத்தியிருந்தது. இறங்கி நின்றோம். நீளமான கூட்ஸ் வண்டி ஒன்று வர ஆரம்பித்தது. அந்தப் பக்கம் நீலச் சட்டையும் தொப்பியுமாக ஓர் ஆள் பச்சைக்கொடி பிடித்து நின்றிருந்தார். வேகன்களின் இடைவெளியில் அவர் தெரிவதும் மறைவதுமாக இருந்தார். மூன்றாவது தடவை தெரிந்தபோது எனக்கு யாரென்று புரிந்தது. அவர் எங்கள் பேனரைப் பார்த்துவிட்டார். வண்டி போகிற வரை கொடியை இறக்கக் கூடாது, நகரக் கூடாது. கொடி பிடித்த கை மட்டும் அசையாமல் இருக்க, முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். ஒரு மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம் வரும் என்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பஞ்சநாதனும் பார்த்துவிட்டார். வெளிறிப்போய் என் கையைப் பிடித்து அழுத்தினார். "சும்மா இருய்யா. கன்னுக்குட்டி மாதிரி கத்திடாத. செத்துட்டாருன்னு டெல்லிக்கு லெட்டர் போயாச்சு."

கேட் திறந்தது. தலைவர் முன்னால் போய், அய்யம்பெருமாள் வீடு எது என்று அவரிடமே கேட்டார். மூன்று வருஷம் கடைசி பெஞ்சில் இருந்தவரைத் தலைவர் முகம் பார்த்துப் பேசியது அவரையைப் பற்றி ஒரே ஒரு தடவை. அய்யம்பெருமாள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இதாங்க சார் வூடு. வாங்க, எல்லாரும் வாங்க. உக்காருங்க."

டீ போட்டார். இருந்த ஆறு டம்ளரையும் கழுவிக் கழுவிப் பதினேழு பேருக்கும் கொடுத்தார். அவர் உள்ளே டீ ஆற்றிக்கொண்டிருந்தபோதே தலைவர் பேனருக்கு முன்னால் நின்று பேசத் தொடங்கிவிட்டார்.

"நம்மை விட்டு மறைந்த அய்யம்பெருமாள் அவர்கள் ஒரு நாளும் கூட்டத்துக்குத் தாமதமாக வந்ததில்லை. ஒரே ஒரு தடவைதான் எழுந்து பேசினார், அதையும் குழுவுக்கு அனுப்பிவிட்டோம். அவர் இருந்தபோது இங்கே வர நமக்கு நேரம் கிடைக்கவில்லை. அதற்காக நாம் வருந்தத் தேவையில்லை. ஒரு நல்ல உறுப்பினர் சங்கத்தை எங்கும் அலைய வைக்க மாட்டார். இன்றைக்கு அவரே நம்மை அழைத்து வந்திருக்கிறார்."

தட்டில் நான்கு டம்ளருடன் அய்யம்பெருமாள் வாசலில் நின்றார். முதலில் வேறு யாரைப் பற்றியோ பேச்சு என்று நினைத்துச் சுற்றிப் பார்த்தார். பிறகு புரிந்தது. முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. நான் பேச வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்தார். சொன்னால் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள் என்று பயந்திருக்கிறார்.

ஆனால் ஜெயலட்சுமி டீச்சர் சொல்லிவிட்டார். எங்கள் கிளையில் இருந்த ஒரே பெண், ஒரே தைரியசாலியும்கூட. "சார், டீ குடுக்கறவருதான் அய்யம்பெருமாளு. உங்களுக்குத் தெரியலையா?"

தலைவர் அய்யம்பெருமாளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். ஒரு பட்டாவில் தப்பான சர்வே நம்பரைப் பார்ப்பது போல இருந்தது. பிறகு நிதானமாகத் தீர்ப்புச் சொன்னார்.

"இவர் உயிரோடு இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரங்கல் என்பது எழுந்து நின்று நிறைவேற்றிய தீர்மானம். அதை இப்படி டீ குடித்துக்கொண்டு ரத்து செய்ய முடியாது. விண்ணப்பம் கொடுக்கட்டும், எட்டாவது பொருளில் எடுத்துக்கொள்ளலாம். இப்போது கன்றை நடுவோம்."

பேனர் நன்றாகத் தெரிகிற இடம் எது என்று எங்களோடு வந்திருந்த போட்டோக்காரர் பார்த்தார். டிசம்பர் பூப் பாத்திதான் வெயிலுக்கு நேராக இருந்தது. பஞ்சநாதன் மண்வெட்டியை எடுத்தார்.

"அங்க வேணாங்க சார். அதப் பாக்கத்தான் கார்டு போட்டேன்" என்றார் அய்யம்பெருமாள்.

"உறுப்பினர் நினைவாக நடும்போது உறுப்பினர் குறுக்கிடக் கூடாது" என்றார் தலைவர்.

பாத்தியின் நடுவில் வெட்டினார்கள். ஊதாப் பூக்கள் மண்ணோடு புரண்டன. பதினேழு பேரில் ஒருவரும் குனிந்து ஒரு பூவைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்றை நட்டு, தண்ணீர் ஊற்றி, போட்டோ எடுத்தார்கள். பேனரின் ஓரத்தைப் பிடிக்க ஆள் குறைந்தபோது அய்யம்பெருமாள்தான் பிடித்துக்கொண்டார்.

எல்லோரும் வேனுக்குத் திரும்பினோம். அவர் பின்னாலேயே வந்தார். பஞ்சநாதன் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, தான் உயிரோடு இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவர் தாளை வாங்கினார், எழுதவில்லை.

"இதக் குடுத்தா மறுபடி எப்ப வருவீங்க சார்?"

"உயிரோட இருக்கற உறுப்பினர்னா ஒன்பதாவது பொருள்ல வரணும்" என்றார் பஞ்சநாதன்.

"குடுக்கலன்னா?"

பஞ்சநாதன் கையேட்டைப் புரட்டிப் பார்த்தார். "நினைவு நாள் இருக்குல்ல. விதி இருபத்திரண்டு, உட்பிரிவு இரண்டு. வருஷா வருஷம் கிளை முழுக்க வந்தே ஆகணும்."

அய்யம்பெருமாள் தாளை நான்காக மடித்து அவரிடமே கொடுத்தார்.

"அப்ப அப்படியே இருக்கட்டுங்க சார். அடுத்த வருசம் காலையிலயே வந்துடுங்க. சமைச்சு வைக்கறேன், இருந்து சாப்புட்டுட்டுப் போவலாம்."

பஞ்சநாதன் பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார்.